நேரலையின் மூலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திற்கு அருகே, வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் அமைந்த வட்டாரம் இன்று தொழில் வளத்தால் சிறந்து விளங்குகின்றது. மகிழுந்துகளும் சரக்குந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகின்றன. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கைப்பேசிகள் இணைக்கப்பெற்று, உலகின் பல நாடுகளுக்கும் செல்கின்றன. புதுமை சூழ்ந்த இந்நிலத்தின் அடியிலே பழமையும் புதைந்து கிடந்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் அகழாய்வு நிகழ்த்தினர். கற்கால மக்கள் செதுக்கிய கருவிகள் அடியடுக்கிலும், சங்க காலத்தைச் சார்ந்த பொருள்கள் அதற்கு மேலடுக்கிலும் வெளிப்பட்டன.

அகழ்வோர் மண்ணை விரைந்து தோண்டிவிடுவதில்லை. முதலில் நிலத்தை அளந்து கட்டங்களாகப் பிரிப்பர், பின்னர் ஒவ்வோர் அடுக்காக மண்ணை நீக்குவர், ஒரு பொருள் தலைகாட்டியவுடன் அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வர், படம் எடுப்பர், அதன் பின்னரே அதனைக் கையில் எடுப்பர். இவ்வளவு பொறுமை எதற்கு? ஒரு மண்ணடுக்கை ஒருமுறைதான் அகழ முடியும். கலைந்த அடுக்கை மீண்டும் அடுக்கிவைத்து மறுமுறை அகழ எவராலும் இயலாது. ஆகவே, செயலைத் தொடங்கும் முன்னரே எல்லா ஏற்பாடுகளும் குறைவற அமைந்திருத்தல் வேண்டும்.

மண்ணுக்குரிய இவ்வுண்மை காலத்திற்கும் உரியது. கடந்துபோன நொடியும் மீண்டு வருவதன்று. ஒரு நிகழ்ச்சி நடைபெறும் அப்பொழுதே, தொலைவிலுள்ள மக்கள் அதனைக் கண்டும் கேட்டும் பங்குகொள்ளும்படி இணையத்தின் வழியாக அனுப்புவதனை நேரலை என்பர். பதிவு செய்த காட்சியில் பிழை நேர்ந்தால் திருத்தி வெளியிடலாம். நேரலையில் தவறிய நொடி தவறியதே ஆகும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மாலையில், சந்திரயான்-3 விண்கலத்தின் இறங்குகலம் நிலவின் தென்முனைப் பகுதியில் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பது தமிழர் மகிழ்தற்குரியது. பெங்களூரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து இஸ்ரோ அந்நிகழ்ச்சியை நேரலையாக வழங்கியது. யூடியூப் என்னும் ஒரு தளத்தில் மட்டுமே, ஒரே வேளையில், 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளில் அது பார்க்கப்பெற்றது. பள்ளிகளிலும் கடைகளிலும் இல்லங்களிலும் மக்கள் மூச்சடக்கி நின்ற அந்நேரத்தில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இணைப்பு அறுந்திருக்குமாயின், அத்தனை திரைகளும் ஒருங்கே இருண்டிருக்கும் அன்றோ? அவ்வோர் இணைப்பே மூல இணைப்பு எனப்படும்.

ஏரிப்பாசனத்தை அறிந்த தொண்டை நாட்டு மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. மழைநீர் வரத்துக்கால் வழியாக ஏரியை அடைகின்றது. ஏரியில் தேங்கிய நீர் மதகுகளின் வழியே பல கால்வாய்களாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கின்றது. நேரலையில், படக்கருவியிலிருந்து புறப்படும் இணைப்பு வரத்துக்கால். அதனை ஏற்றுக்கொள்ளும் சர்வர் என்னும் வழங்குகணிப்பொறி ஏரி. பார்ப்போர்க்குச் செல்லும் இணைப்புகள் கால்வாய்கள். ஒரு கால்வாய் தூர்ந்தால் ஒரு வயல் காயும். வரத்துக்கால் அடைபட்டாலோ ஏரியே வறண்டுபோகும். மதகுகளைத் திறந்துவைத்தும் பயனில்லை. எனவே, நேரலை அமைப்போர் மற்றெல்லாவற்றினும் மூல இணைப்பில் மிகுந்த கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

அவ்விணைப்பின் வழியே செல்லும் பொருள் யாது? படக்கருவி ஒரு நொடிக்கு 25 படங்களை எடுப்பதாகக் கொள்க. ஒவ்வொரு படமும் அகலத்தில் 1,280 புள்ளிகளும் உயரத்தில் 720 புள்ளிகளும் உடையது. அஃதாவது மொத்தம் 9,21,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். இவற்றைப் பெருக்கினால், ஒரு நொடிக் காட்சிக்கு 55 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள் ஆகின்றன. இவ்வளவு பெருஞ்சுமையை எளிய இணைப்பு எதுவும் தாங்காது. ஆதலின் குறியாக்கி என்னும் கருவி இதனைச் சுருக்குகின்றது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதிகளை மட்டும் குறித்து, மாறாத பகுதிகளை விடுத்தல் அதன் உத்தி. 2003இல் வெளியான எச்.264 என்னும் சுருக்கமுறையால், மேற்கூறிய 55 கோடி பிட்டுகளை ஏறக்குறைய 30 இலட்சம் பிட்டுகளாகக் குறைத்துத் தெளிவு கெடாமல் அனுப்பலாம்.

மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பினால், இடையிலே வந்து சேரும் ஒருவனுக்குக் காட்சி விளங்குவது எங்ஙனம்? அவன் பொருட்டு, குறித்த கால இடைவெளியில் ஒரு முழுப்படம் அனுப்பப்பெறும். அதனை முதன்மைப் படம் என்பர். இரண்டு நொடிக்கு ஒருமுறை முதன்மைப் படம் அனுப்புதல் பெருவழக்கு. இடைவெளி நீளுமாயின், புதிதாக வருவோர் காட்சி தோன்றும்வரை காத்திருக்க நேரும். வழியில் சிதைந்த படம் சீர்ப்படுதற்கும் காலம் பிடிக்கும்.

இனி, மூல இணைப்பை அமைக்கும் முறையைக் காண்பது தகும். வடக்குப்பட்டுப் போன்ற ஓர் ஊரில் அகழாய்வுக் குழியருகே ஒரு படக்கருவியை நிறுத்தி, அங்கு நிகழும் பணியை மதுரையிலுள்ள மாணவரும் இலண்டனிலுள்ள அறிஞரும் நேரலையில் காணும்படி செய்ய ஒரு குழுவினர் விரும்பினர் என்று கொள்க. அதற்கென அவர்கள் ஒரு நிரல் எழுதுகின்றனர். நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி. ‘இந்த மூலத்திலிருந்து, இந்த முறையால், இந்த இடத்திற்கு, இந்த உரிமையோடு காட்சியை அனுப்புக’ என்று அந்நிரல் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுதல் வேண்டும். இந்நான்கில் ஒன்று பிழைபட்டாலும் காட்சி போய்ச் சேராது.

முதலாவது, நெறிமுறை. இரு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாடும் ஒழுங்கே நெறிமுறை எனப்படும். நேரலைக்கு ஆர்.டி.எம்.பி., ஆர்.டி.எஸ்.பி., எஸ்.ஆர்.டி. என்னும் மூன்றும் மிகுதியும் பயன்படுகின்றன. ஆர்.டி.எம்.பி. என்பது ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்காக மேக்ரோமீடியா நிறுவனத்தார் வகுத்தது. ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. ஆயினும், மூலத்திலிருந்து சர்வருக்குக் காட்சியை அனுப்பும் பணியில் அந்நெறிமுறை இன்றும் நிலைபெற்றுள்ளது. ஆர்.டி.எஸ்.பி. 1998இல் வரையறுக்கப்பெற்றது; காவல் படக்கருவிகளில் பெரிதும் பயில்வது. எஸ்.ஆர்.டி. ஹைவிஷன் நிறுவனத்தார் ஆக்கி, 2017இல் அனைவர்க்கும் பொதுவாக்கியது.

இவற்றுள் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஆர்.டி.எம்.பி. முறையில் மூலம் தானே சென்று காட்சியைச் சர்வரிடம் சேர்க்கின்றது. ஆர்.டி.எஸ்.பி. முறையிலோ, பொதுவாகச் சர்வர் படக்கருவியை நாடி வந்து காட்சியைப் பெற்றுச் செல்கின்றது. முன்னையது பால்காரர் வீடுதோறும் பால் கொண்டுவந்து கொடுப்பது போன்றது. பின்னையது வேண்டுவோர் மாட்டுக்கொட்டிலுக்கே சென்று வாங்கி வருவது போன்றது. எஸ்.ஆர்.டி. முறையில் இரு தரப்பாரும் முன்னரே பேசிக்கொண்டு, ஒருவர் அழைப்போராகவும் மற்றவர் கேட்போராகவும் அமைவது வழக்கம். இருவரும் கேட்போராகவே காத்திருப்பின், உரையாடல் தொடங்காது.

இரண்டாவது, முகவரி. காட்சி சென்று சேரவேண்டிய கணிப்பொறியின் பெயரோ எண்ணோ முகவரியாகும். புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 127.0.0.1 என்னும் எண் ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத்தானே குறிக்கும் எண். நிரலைத் தம் கணிப்பொறியிலேயே எழுதிச் சோதிக்கும்போது இவ்வெண் பயன்படும். பின்னர்ச் சர்வர் வேறிடத்திற்கு மாறிய பின்னும் இவ்வெண்ணை மாற்றாது விடுவோர், தாம் எழுதிய கடிதத்தைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே போட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்போரை ஒப்பர்.

அவ்வாறே, 192.168 என்று தொடங்கும் எண்கள் ஓர் இல்லத்தினுள்ளோ அலுவலகத்தினுள்ளோ மட்டும் வழங்குவன. ‘மூத்தவனே!’ என்று வீட்டினுள் அழைத்தால் அவ்வீட்டு மூத்த மகன் வருவான். ஊர்ப் பொதுவிடத்தில் நின்று அவ்வாறு அழைத்தால் எந்த வீட்டு மூத்தவன் வருவான்? ஆதலின், வெளியிலுள்ள சர்வர் வந்து காட்சியைப் பெறவேண்டுமாயின், வெளியார் அறியக்கூடிய முகவரி படக்கருவிக்கு அமைதல் வேண்டும். அன்றேல், படக்கருவியே சென்று காட்சியை அளிக்கும் நெறிமுறையைத் தெரிந்தெடுத்தல் நலம். குழியருகே கைப்பேசி இணைப்பை நம்பிப் பணிபுரிவோர்க்குப் பின்னதே பொருந்தும்.

முகவரியோடு வாயில் எண்ணும் சேர்தல் வேண்டும். ஒரே கணிப்பொறியில் பல பணிகள் நடைபெறுவதால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு வாயில் குறிக்கப்பட்டுள்ளது. ஆர்.டி.எம்.பி.க்கு 1935, ஆர்.டி.எஸ்.பி.க்கு 554 என்பன வழக்கமான எண்கள். முகவரி சரியாக இருந்தும் வாயில் தவறினால், உரிய வீட்டிற்குச் சென்று பூட்டிய கொல்லைக் கதவைத் தட்டியதாக முடியும்.

மூன்றாவது, அளவுகள். அனுப்பும் இணைப்பின் ஆற்றலை முன்னரே அளந்தறிதல் இன்றியமையாதது. நொடிக்கு 30 இலட்சம் பிட்டுகள் அனுப்பக் கருதுவோர், அதனைப் போல் இருமடங்கு அனுப்பும் ஆற்றல் இணைப்பிற்கு உண்டா என்று பார்த்தல் நன்று. இறக்கும் வேகத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. மூலத்திற்கு வேண்டுவது ஏற்றும் வேகமே. அது குறைவாயின் படத்தின் அளவைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை. சிறிதாயினும் தடையின்றி ஓடும் காட்சியே, பெரிதாகித் தடைபட்டு நிற்கும் காட்சியினும் பயனுடையது.

காட்சி சிறுசிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டே இணையத்தில் செல்கின்றது. வழியிலே சில பொட்டலங்கள் தொலைவதும் உண்டு. ஆர்.டி.எம்.பி. முறையில், தொலைந்தது மீண்டும் வந்து சேரும்வரை பின்வருவன காத்து நிற்கும்; அதனால் காட்சி பின்தங்கும். எஸ்.ஆர்.டி. முறையில், குறித்த கால எல்லைக்குள் தொலைந்ததனை மீண்டும் கேட்டுப் பெற முயலும். எல்லை கடந்தால் அதனை விடுத்து மேற்செல்லும். அக்கால எல்லை தொடக்கத்தில் ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டதில் 120 கூறாக வைக்கப்பட்டிருக்கும். தொலைதூர இணைப்புகளுக்கு இது போதாது. ஒரு செய்தி சென்று திரும்பும் காலத்தின் மூன்று அல்லது நான்கு மடங்காக அதனைக் கூட்டி வைப்பர். காலம் சிறிது தாழ்த்தாலும் காட்சி சிதையாது வருதல் இதன் பயன்.

நான்காவது, உரிமை. சர்வரின் வாயிலுக்கு வரும் ஒவ்வொருவரையும் உள்ளே விடுவது முறையாகாது. ஆதலின், உரியவர்க்கு ஒரு திறவுச்சொல் வழங்கப்பெறுகின்றது. எழுத்தும் எண்ணும் கலந்த அத்தொடரைக் காட்டுவோரையே சர்வர் மூலமாக ஏற்றுக்கொள்ளும். அக்காலத்தில் அரசனது முத்திரை மோதிரத்திற்கு இருந்த மதிப்பு இத்திறவுச்சொல்லுக்கு உண்டு. மோதிரத்தைக் கைக்கொண்டவன் அரசன் பெயரால் ஆணை விடுத்தலைப் போல, திறவுச்சொல்லை அறிந்தவன் அக்குழுவினர் பெயரால் எதனையும் உலகிற்குக் காட்டிவிடக்கூடும்.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாட்டு மக்களுக்கு முதன்மையான வழக்குகளின் விசாரணையை நேரலையில் காட்டலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணைகள் நேரலையாயின. தில்லிக்குச் செல்ல இயலாத எளியோரும் நீதிமன்ற நடவடிக்கையைத் தம் ஊரிலிருந்தே காணும் பேறு பெற்றனர். ஆனால், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் அந்நீதிமன்றத்தின் யூடியூப் அலைவரிசை பிறர் கைப்பட்டது. நீதியின் குரல் ஒலித்த இடத்தில் கிரிப்டோ நாணயத்தைப் பற்றிய காணொளிகள் தோன்றின. பின்னர் அவ்வலைவரிசை மீட்கப்பெற்றது. இது முழு அலைவரிசையும் கைமாறிய நிகழ்ச்சி. எனினும், ஒரு திறவுச்சொல் மட்டும் கைமாறினாலும் விளையும் கேடு இதனையே ஒக்கும். காட்சி எங்கிருந்து வருகின்றது என்பதில் ஐயம் புகுந்தால், மெய்யான காட்சியும் நம்பிக்கையை இழக்கும்.

ஆகவே, திறவுச்சொல்லை நிரலின் உள்ளே எழுதிவைத்தல் கூடாது. நிரலைப் பலர் படிப்பர்; படியெடுப்பர்; பொதுவிடத்தில் வைத்துப் பகிர்வர். திறவுச்சொல்லைத் தனியிடத்தில் காத்து, நிரல் இயங்கும்போது மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதே முறை. ஒருமுறை வெளிப்பட்டுவிட்ட திறவுச்சொல்லை நிரலிலிருந்து அழித்துவிட்டால் போதும் என்று கருதுவது பேதைமை. நிரலின் பழைய படிகளில் அது அழியாது நிற்கும். உடனே அதனை நீக்கிப் புதிய திறவுச்சொல் பெறுதலே செய்யத்தக்கது.

நிற்க. எத்துணை விழிப்போடு அமைத்தாலும் இணைப்பு அறுதல் கூடும். மின்சாரம் நிற்கும், மழை வரும், கைப்பேசிக் கோபுரத்தில் நெரிசல் மிகும். அறுந்தவுடன் தானே மீண்டும் இணைய முயலும்படி நிரலை எழுதுதல் வேண்டும். அம்முயற்சியும் அளவோடு அமைதல் வேண்டும். ஒரு நொடி கழித்து ஒருமுறை, அது தவறினால் இரண்டு நொடி கழித்து, பின்னர் நான்கு, பின்னர் எட்டு எனக் காத்திருக்கும் காலத்தை ஓர் எல்லைவரை கூட்டிச்செல்வது நல்லோர் வழக்கு. தளர்ந்திருக்கும் சர்வரை எல்லாரும் இடைவிடாது தட்டிக்கொண்டேயிருந்தால், அது எழுந்திருப்பது எப்போது? பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்துவதாயிற்று. இயலுமாயின், வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வழியே மாற்று வழி ஒன்றையும் ஆயத்தமாக வைத்தல் சாலச் சிறந்தது.

இணைப்பு அமையாதபோது நிரல் தரும் செய்தியைப் பொறுமையோடு படித்தல் வேண்டும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால், கணிப்பொறி கண்டறியப்பட்டது; அவ்வாயிலில் ஏற்பார் இல்லை என்பது பொதுவான பொருள். ‘காலம் கடந்தது’ என்று வந்தால், மறுமொழியே வரவில்லை; முகவரி தவறியிருக்கலாம், அன்றி இடையிலுள்ள காப்பரண் தடுத்திருக்கலாம். ‘உரிமை இல்லை’ என்று வந்தால், வழி சரியே, திறவுச்சொல்லே பிழை. நாடி பார்த்து நோயறியும் மருத்துவரைப் போல, செய்தியைப் பார்த்துக் குறையின் இடத்தை அறிபவர் விரைவில் அதனைத் தீர்ப்பர். அவ்வாறு படியாமல் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவோர், ஒரு பிழையைத் தேடப் புகுந்து பத்துப் பிழைகளை உண்டாக்கிவிடுவர்.

இவையனைத்தையும் நிகழ்ச்சி தொடங்கிய பின் செய்ய முற்படுதல் தகாது. முதல்நாளே அதே இடத்தில், அதே கருவிகளோடு, அதே நேரத்தில் ஒத்திகை பார்த்தல் வேண்டும். நெறிமுறை, முகவரி, வாயில் எண், திறவுச்சொல் ஆகியவற்றுள் ஏதேனும் விடுபட்டிருப்பின், நிரல் தொடங்கும்போதே அக்குறையைத் தெளிவாகச் சொல்லி நிற்கும்படி எழுதுதல் வேண்டும். இணைப்பு அறுந்தாலும் காட்சி அழியாதிருக்கும்பொருட்டு, குழியருகேயுள்ள கருவியிலும் ஒரு பதிவு ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இத்துணை ஏற்பாட்டோடு அக்குழுவினர் காத்திருக்கின்றனர் என்று கொள்க. மண்ணை மெல்லத் துடைக்கும் தூரிகையின் அடியில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் செதுக்கிய கல்லின் கூர்முனை தலைகாட்டுகின்றது. அக்கல் கதிரொளியை மீண்டும் காணும் அம்முதற் காட்சி ஒருமுறைதான் நிகழும். அதனைச் சில நொடிகளில் மதுரையிலுள்ள மாணவனும் காண்கின்றான். அவன் கையிலுள்ள கைப்பேசி, அக்கல் கிடந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றிலேயே இணைக்கப்பெற்றதாகவும் இருக்கலாம். அவன் காட்சியைக் காண்பானேயன்றி, அதனைத் தாங்கி வந்த இணைப்பைக் காணான். முகவரியைச் சரிபார்த்தவரையும், திறவுச்சொல்லைக் காத்தவரையும், முதல்நாள் ஒத்திகைக்கு வந்து வெயிலில் நின்றவரையும் அவன் அறியான். பிறர் அறியாத இடத்திலும் குறைவறச் செய்யும் இத்தகைய பணியே, திரும்பி வாராத நொடியைப் பலர்க்கும் உரியதாக்குகின்றது.